பின்னால் நின்றவர்கள்

1948-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்துக் கறுப்பின இளைஞர் ஐவர் ‘ஓரியோல்ஸ்’ என்ற பெயரில் பதிவு செய்த ‘இட்ஸ் டூ சூன் டு நோ’ என்னும் பாட்டை எத்தனையோ முறை கேட்ட பிறகும், என் செவி சென்று தங்குகிற இடம், பாட்டை முன்னின்று நடத்துகிற சன்னி டில்லின் சாரீரத்தில் இல்லை. அவருக்கு மேலே, ஏறக்குறைய வெறும் மூச்சாகவே மெலிந்துவிட்ட உச்ச ஸ்தாயியில், சொல் ஏதுமின்றி மிதந்து செல்கிற மற்றொரு குரலில் இருக்கிறது. அந்தக் குரலுக்கு உரியவர் அலெக்ஸாண்டர் ஷார்ப். தாம் அங்கே இருப்பது தெரியாமலும், ஆனால் தாம் இல்லாவிட்டால் பாட்டே தரையில் விழுந்துவிடும் என்கிற அளவுக்கு இன்றியமையாமலும் பாடுவதுதான் அவர் பயின்ற வித்தை. அதைக் கேட்டு நான் அடைகிற ஆனந்தத்தில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆனந்தத்தின் அடியில், பாட்டு முடிந்து ஊசி வெற்றுத் தடத்தில் ஓடுகிற நேரத்தில், ஓர் உறுத்தல் மெல்லத் தலைதூக்குகிறது: ஒரு மனிதன் தன்னை மறைத்துக்கொள்வதையா நான் இத்தனை நேரம் ரசித்துக்கொண்டிருந்தேன்? அந்த மறைவு அவன் மனமுவந்து சங்கீதத்துக்கு அளித்த காணிக்கையாயின், ரசிப்பதில் குற்றமில்லை. எனினும் அதே மறைவைத்தான் அந்தக் காலத்து இசைத்தட்டு வியாபாரமும் தன் சௌகரியத்துக்கு ஏற்றபடி எடுத்து ஆண்டுகொண்டது; முதலாவது மறைவு எங்கே முடிகிறது, இரண்டாவது எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க எனக்கு இயலவில்லை.

ஒற்றை ராகத்தின் போக்கிலேயே பழகிய செவிக்கு இந்தப் பாட்டுகள் உடனே பிடிபடுவதில்லை. நாம் ஒரு குரலைப் பின்தொடர்ந்து போகக் கற்றவர்கள். ஒரே கணத்தில் நான்கு குரல்கள் நான்கு உயரங்களில் நின்று ஒன்றாக நகரும்போது, அவற்றுள் எதைப் பற்றிக்கொள்வது என்று தெரியாமல் திகைத்து, கடைசியில் சொற்களைப் பாடுகிறவரையே பாட்டின் சொந்தக்காரர் என்று முடிவு செய்துவிடுகிறோம். ஓரியோல்ஸின் பாட்டிலோ, அப்படி முடிவு செய்ய விடாத ஒரு வெறுமை இருக்கிறது. வாத்தியம் என்று சொல்ல டாமி கெய்தரின் கிதாரும் ஜானி ரீடின் பெரிய பாஸ் வாத்தியமும் தவிர அதிகம் ஒன்றுமில்லை. டில் அவசரப்படாமல், காதலை நம்பலாமா கூடாதா என்று தமக்குள்ளேயே விசாரித்துக்கொள்கிறவரைப் போலத் தயங்கித் தயங்கிப் பாடுகிறார். அந்தத் தயக்கத்தின் இடைவெளிகளில் மற்றவர்கள் புகை போல நுழைகிறார்கள். நடுப்பகுதி வந்ததும் ஜார்ஜ் நெல்சனின் சற்றே கரடுமுரடான நடுத்தரக் குரல் முன்னே வந்து சில வரிகள் பாடிவிட்டு, வேலை முடிந்த ஆள் வாசலைத் தாண்டுவதுபோலப் பின்னால் போய்விடுகிறது. அந்தச் சில வரிகளின் சொரசொரப்பு இல்லையென்றால் டில்லின் மென்மைக்கு ருசியே இருந்திருக்காது. இதை எழுதியவர் டெபரா செஸ்லர் என்ற யூத யுவதி. பால்டிமோரில் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதியவர். இந்த இளைஞர்களின் பாட்டை முதன்முதலாகத் தொலைபேசி வழியாகவே கேட்டு மனம் பறிகொடுத்து, பின்பு அவர்களுடைய நிர்வாகியானவர். முகம் காணாமல், கம்பி வழியே கலவையாக வந்த நாதத்தை மட்டும் கேட்ட அந்தக் கணத்தைப் பற்றி நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. அவருக்குக் கேட்டது ஐந்து பேரா, ஒன்றா? அந்த வருஷம் நவம்பர் மாதத்தில் பாட்டு கறுப்பினத்தாருக்கான விற்பனைப் பட்டியலின் முதல் இடத்தை அடைந்தது.

இந்தக் கலவை எங்கிருந்து வந்தது என்பதை அறியாமல் என் உறுத்தலை நியாயமாக எடைபோட முடியாது. வாத்தியம் வாங்கப் பணமில்லாத பிள்ளைகளுக்கு வாய் ஒன்றுதான் வாத்தியம். பால்டிமோரிலும் ஹார்லெமிலும் சிகாகோவிலும் அவர்கள் தெருமுனைகளிலும், மாடிப்படிகளின் அடியிலும், பள்ளிக்கூடக் குளியலறைகளிலும் கூடிப் பாடினார்கள். அந்தச் சுவர்கள் குரலை வாங்கித் திருப்பித் தரும்போது நான்கு பேரின் பாட்டு பத்துப் பேரின் பாட்டாகப் பெருகும். அதற்கும் முன்னால் தேவாலயம் இருந்தது. ஞாயிறுதோறும் நால்வராக நின்று பாடும் பக்திக் குழுக்களின் கட்டுப்பாடு அவர்களுடைய தொண்டையில் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. அந்தக் கட்டுப்பாடு எளிதன்று. நான்கு பேரும் ஒரே உயிரெழுத்தை ஒரே அளவு வாய் திறந்து உச்சரிக்க வேண்டும்; ஒரே இடத்தில் மூச்சு வாங்க வேண்டும்; ஒருவனுடைய குரலில் இயற்கையாக அமைந்த கூர்மை மற்றவனுடைய குரலைக் கீறுமானால் அந்தக் கூர்மையை அவனே மழுக்கிக்கொள்ள வேண்டும். பாடுவதைக் காட்டிலும் கேட்பதே இதில் பெரிய வேலை. பக்கத்தில் நிற்பவனுடைய சாரீரத்தைத் தன்னுடையதைவிடக் கவனமாகக் கேட்கிறவனே நல்ல பின்பாட்டுக்காரன் ஆகிறான். பிற்பாடு மூன்குளோஸ் குழுவினர், ஒலிவாங்கியின் அருகே மூச்சை ஊதி அதையே சுருதியாக நிரப்பும் ஒரு முறையைப் பிரசித்தமாக்கினார்கள். குரல் என்கிற ஸ்தூலத்தை விட்டு வெறும் காற்றுக்கே வந்துவிட்ட நிலை அது. இவ்வளவு நுட்பமான தன்மறைவை யாரோ பலவந்தப்படுத்திச் செய்விக்க முடியுமா? முடியாது என்றுதான் என் மனம் சொல்கிறது. அங்கே சிநேகம் இருந்தது, போட்டியும் இருந்தது, ஒன்றாகச் சேரும்போது தனித்தனியே தங்களால் எட்ட முடியாத ஒன்றை எட்டிவிடுகிறோம் என்ற பெருமிதமும் இருந்தது.

பின்னால் நிற்பவன் பின்னாலேயே நிற்க வேண்டும் என்ற விதியும் ஆதியிலிருந்து இருக்கவில்லை. 1946-இல் நியூயார்க்கில் தோன்றிய ரேவன்ஸ் குழுவின் ஜிம்மி ரிக்ஸை நினைத்துக்கொள்கிறேன். ஹார்லெமில் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையிலிருந்த அவருடைய குரல், அஸ்திவாரத்துக்கென்றே படைக்கப்பட்டதுபோன்ற மந்திர ஸ்தாயிக் குரல். அவருக்கு முந்திய இங்க் ஸ்பாட்ஸ் குழுவில் உயர்ந்த குரல் பாடும், தாழ்ந்த குரல் நடுவில் வந்து வரிகளைப் பேசிக்காட்டும். அவ்வளவுதான் அதற்கு அளிக்கப்பட்ட பங்கு. ரேவன்ஸ் 1947-இல் ‘ஓல் மேன் ரிவர்’ பாட்டை எடுத்தபோது அஸ்திவாரத்தையே மாளிகையின் முகப்பில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கேட்டவர்கள் வியந்தார்கள், பறவைப் பெயர் வைத்த குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. மேரிலாந்து மாநிலத்தின் பறவையான ஓரியோலின் பெயரை இந்தப் பால்டிமோர் இளைஞர்கள் சூடிக்கொண்டதும் அந்த வழியில்தான். பறவைகளின் பெயர்கள் அழகானவை. இவற்றில் ஒரு குறை மட்டும் இருந்தது. அவற்றுள் எந்த மனிதனுடைய பெயரும் இல்லை.

அந்தக் குறையின் முழு ஆழத்தை அறிய விரும்புகிறவர் கிளைட் மெக்ஃபேட்டரின் கதையைக் கேட்க வேண்டும். வட கரோலைனாவின் டர்ஹம் நகரத்தில் பிறந்து, பாப்டிஸ்ட் போதகரின் மகனாக வளர்ந்து, ஹார்லெமில் பக்திப் பாடல் பாடிக்கொண்டிருந்த அவரை 1950-இல் பில்லி வார்ட் என்பவர் தம்முடைய டாமினோஸ் குழுவில் சேர்த்துக்கொண்டார். வார்ட் சங்கீதம் அறிந்தவர், கண்டிப்பானவர். காலணி பளபளக்கவில்லையென்றாலும் அபராதம் விதிக்கக்கூடியவர். குழுவின் பெயர் அவருக்கே சொந்தம். மெக்ஃபேட்டரின் குரலோ எந்தக் கலவையிலும் கரைய மறுக்கிற குரல். சிறுவனுடையதுபோல உயர்ந்து, திடீரென்று உடைந்து, விம்மி, மறுபடி தன்னைத் திரட்டிக்கொண்டு எழும். ‘தி பெல்ஸ்’ என்ற பாட்டில் அவர் அழுகிற அழுகை, இது பாட்டா ஒப்பாரியா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கேட்பவனைத் தடுமாற வைக்கும். அத்தகைய குரலுக்கு வாரம் 100 டாலர் கூலி. அதிலும் சாப்பாடு, தங்கும் விடுதி என்று பிடித்தங்கள். மேடையில் சில சமயம் அவரைக் ‘கிளைட் வார்ட்’ என்று, வார்டின் தம்பி என்று அறிமுகப்படுத்தினார்கள். முன்னின்று பாடுவது வார்டுதான் என்று எண்ணிக்கொண்டே தட்டை வாங்கியவர்களும் உண்டு. பின்னால் நிற்பவன் மறைவது கலையின் நியதி என்று சொல்லி அமைதி கொள்ளலாம். முன்னால் நின்று நெஞ்சு வெடிக்கப் பாடுகிறவனையும் மறைத்துவிட முடிந்தது என்றால், அந்த மறைவுக்கும் கலைக்கும் சம்பந்தமில்லை.

1953-இல் அவர் அங்கிருந்து விலகினார். பேர்ட்லாண்ட் அரங்கில் டாமினோஸைக் கேட்கப்போன அட்லாண்டிக் நிறுவனத்தின் அஹ்மெத் எர்டிகன், மேடையில் மெக்ஃபேட்டர் இல்லாததைக் கண்டு, அன்றிரவே அவரைத் தேடிப் புறப்பட்டார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. அதன் பயனாகப் பிறந்தது டிரிஃப்டர்ஸ். ‘மனி ஹனி’ பாட்டில் மெக்ஃபேட்டருக்குப் பின்னால் த்ராஷர் சகோதரர்களும் பில் பிங்க்னியும் போடுகிற அந்த ஆரம்ப முழக்கத்தைக் கேட்கும்போது, கரையாத குரலுக்கும் அதனைத் தாங்குகிற குரல்களுக்கும் இடையே ஒரு சமரசம் ஒருவாறு ஏற்பட்டுவிட்டதாகவே தோன்றும். இந்தத் தடவை பெயரில் மெக்ஃபேட்டருக்குப் பங்கும் இருந்தது. ஆனால் 1954-இல் ராணுவ அழைப்பு வந்தது. சேவை முடிந்து தனியே பாடப் புறப்பட்ட அவர், தம் பங்கை நிர்வாகியான ஜார்ஜ் ட்ரெட்வெல்லிடம் விற்றுவிட்டார். பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார். ஏனென்றால் விற்ற பொருள் காகிதமாக இருந்தாலும் விலைபோனவர்கள் மனிதர்கள். சம்பளத்தை உயர்த்தக் கேட்ட பிங்க்னி 1956-இல் வெளியேற்றப்பட்டார். 1958-இல் ட்ரெட்வெல் குழு முழுவதையும் கலைத்துவிட்டு, ஃபைவ் கிரௌன்ஸ் என்ற வேறொரு குழுவை அழைத்து, இனி நீங்கள்தான் டிரிஃப்டர்ஸ் என்றார். அப்போலோ அரங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் டிரிஃப்டர்ஸ் வருவார்கள் என்று எழுதியிருந்தது; ஆகவே டிரிஃப்டர்ஸ் வந்தார்கள்.

இந்த இடத்தில் கோபம் கொள்வது சுலபம்; என் கோபத்தைத் தடுத்து நிறுத்துவது அடுத்த வருஷமே அந்தப் புதியவர்கள் பதிவு செய்த ‘தேர் கோஸ் மை பேபி’. பென் ஈ. கிங் என்ற அந்த இளைஞரின் குரலும், அதனைச் சூழ்ந்து எழுகிற வயலின்களின் அலையும், இன்றைக்கும் என்னை நிலைகொள்ளாமல் செய்கின்றன. பெயர் கைமாறியது அநியாயம். கைமாறிய பெயரின் கீழ் பிறந்த பாட்டு மகோன்னதமானது. ஒன்றைச் சொல்லி மற்றதை அழித்துவிட எனக்கு மனமில்லை. ஒரு குழு என்பது மனிதர்களின் தொகுப்பா, அல்லது மனிதர்கள் வந்து நிரப்பிவிட்டுப் போகிற ஒரு பாத்திரமா என்ற கேள்வி இங்கே வந்து வழிமறிக்கிறது. சன்னி டில்லே, தம் தோழர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்த பின்பு, 1955-இல் ரீகல்ஸ் என்ற குழுவினரைச் சேர்த்துக்கொண்டு ஓரியோல்ஸ் என்ற பெயரிலேயே தொடர்ந்து பாடினார். அதை யாரும் மோசடி என்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். அங்கே பெயரோடு அந்தப் பெயரை உண்டாக்கிய குரலும் சேர்ந்து போயிற்று. குரல் போகாமல் பத்திரம் மட்டும் போன இடத்தில்தான் மனம் கசக்கிறது. அசல் பாடகர் ஒருவர்கூட இல்லாத குழுக்கள் புகழ்பெற்ற பழைய பெயர்களில் மேடையேறுவதைத் தடுக்க 2005 முதல் அமெரிக்க மாநிலங்கள் பல சட்டம் இயற்றின. பாதுகாக்கப்பட வேண்டியவர்களில் பெரும்பாலோர் அதற்குள் காலமாகிவிட்டிருந்தார்கள்.

சட்டம் தாமதித்தது மட்டுமன்று; எதைப் படைப்பு என்று கருதுவது என்பதிலேயே அதற்கு ஒரு செவிட்டுத்தன்மை இருந்தது. பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிமை உண்டு. அவற்றைச் சுற்றி நான்கு பேர் நெய்கிற சொல்லற்ற ஒலிக்கு உரிமை இல்லை. ‘எ லிட்டில் பேர்ட் டோல்ட் மீ’ என்ற பாட்டைக் கறுப்பினப் பாடகி பாலா வாட்சன் பாடியதுபோலவே எவ்லின் நைட் என்ற வெள்ளையர் பாடி வெளியிட்டபோது, முதலாவதாக வெளியிட்ட சுப்ரீம் நிறுவனம் டெக்கா நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. பாடும் அமைப்பு எவருடைய சொத்தும் ஆகாது என்ற வகையில் 1950-இல் தீர்ப்பாயிற்று. அதற்குப் பின் கதவு திறந்தே கிடந்தது. பிராங்க்ஸ் இளைஞர்களான கார்ட்ஸ் பாடிய ‘ஷ்-பூம்’ 1954-இல் க்ரூ கட்ஸ் என்ற கனடிய வெள்ளையர் குழுவின் பெயரில் முதல் இடத்துக்கு ஏறியதும், மூன்குளோஸின் ‘சின்சியர்லி’ மெக்குவைர் சகோதரிகளின் பாட்டாக நாடெங்கும் ஒலித்ததும் இதன் விளைவுகளே. இவை நன்கு அறியப்பட்டவை. என்னை அதிகம் சிந்திக்க வைப்பது இன்னொரு பாட்டு. ‘ஐ ஒன்லி ஹேவ் ஐஸ் ஃபார் யூ’ 1934-இல் ஒரு திரைப்படத்துக்காக ஹாரி வாரனும் ஆல் டூபினும் எழுதியது. அதை 1959-இல் சிகாகோவின் ஃபிளமிங்கோஸ் பாடினார்கள். குழுவைச் சேர்ந்த டெர்ரி ஜான்சன், அதன் அமைப்பு முழுவதும் தமக்கு உறக்கத்தில் தோன்றியது என்று சொல்லியிருக்கிறார். ஆழ்ந்த கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலித்து, பொருளற்ற சில அசைகளைத் திரும்பத் திரும்ப உச்சரிக்கிற அந்தப் பின்பாட்டைத்தான் இன்று உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. தட்டில் ஆசிரியர் என்று அச்சாவது வாரனும் டூபினும். அவர்கள் எழுதியது நல்ல பாட்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம்மைத் தூங்கவிடாமல் செய்வது, ஆசிரியர் இல்லாதது என்று சட்டம் தள்ளிவிட்ட அந்த அசைகள்.

மறைவின் எல்லையைத் தேடிப்போனால் ஒரு சிறைச்சாலையின் மதிலில் போய் முட்டுகிறேன். நாஷ்வில்லில் உள்ள டென்னஸி மாநிலச் சிறையின் கைதிகள் ஐவர் ப்ரிசனேர்ஸ் என்ற பெயரில் பாடினார்கள். 1953 ஜூன் முதல் தேதி ஆயுதக் காவலுடன் மெம்பிஸுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, சாம் பிலிப்ஸின் சன் நிலையத்தில் ‘ஜஸ்ட் வாக்கிங் இன் த ரெய்ன்’ என்ற பாட்டைப் பதிவு செய்துவிட்டு, மறுபடி சிறைக்குத் திரும்பினார்கள். 1943 முதல் உள்ளே இருந்த ஜானி ப்ராக், ராபர்ட் ரைலி என்ற மற்றொரு கைதியுடன் சேர்ந்து புனைந்த பாட்டு அது. மழையில் நடப்பதைப் பற்றிய பாட்டை, தன் இச்சைப்படி ஒரு தெருவில்கூட நடக்க இயலாதவன் பாடுகிறான் என்ற எண்ணம் வந்த பிறகு, அந்தக் குரலின் நிதானத்தை என்னால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. ஏனெனில் அதில் முறையீடு இல்லை; தன்னிரக்கம் இல்லை; பின்னால் நிற்பவர்கள் அவசரமில்லாமல், மிகவும் மெதுவாக அவரை ஏந்திக்கொண்டு போகிறார்கள். மற்றக் குழுவினரின் பெயர்களை வியாபாரம் மறைத்தது. இவர்களுடைய உடல்களையே அரசு மறைத்து வைத்திருந்தது. அப்படியிருந்தும் இந்த இரண்டு வகைப் பாட்டிலும் குரல்கள் சேருகிற விதத்தில் எனக்கு எந்த வேற்றுமையும் கேட்கவில்லை. 1956-இல் ஜானி ரே அதைப் பாடி அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடத்தை அடைந்தபோதும் ப்ராக் கம்பிகளுக்குப் பின்னேதான் இருந்தார். சேர்ந்து பாடுவதில் கிடைக்கிற விடுதலை, வெளி உலகத்து விடுதலைக்கு ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது. ஆனாலும் அது விடுதலை அல்ல என்று சொல்லவும் நா எழவில்லை.

கரையாமல் தனித்து நின்ற குரலுக்காவது நற்கதி கிட்டியதா என்றால், அதுவும் இல்லை. மெக்ஃபேட்டர் தனிப் பாடகராகச் சில வருஷங்கள் புகழோடு இருந்தார். பிறகு கூட்டம் குறைந்தது, குடி மிகுந்தது. 1972-இல், 39 வயதில், நியூ ஜெர்சியில் இறந்தார். ஆகவே, தன்னைக் கரைத்துக்கொண்டதனால்தான் அவர்கள் இழந்தார்கள் என்ற என் ஆரம்பச் சந்தேகம் முழு உண்மையாக இருக்க முடியாது. கரைந்தவரும் இழந்தார், கரையாதவரும் இழந்தார். கரைவது அவர்களுடைய கலை. இழந்தது அவர்கள் வாழ்ந்த தேசத்தின் ஏற்பாடு. இப்படிப் பிரித்துச் சொல்லிவிட்டால் மனம் சாந்தமடைய வேண்டும், அடையவில்லை. ஏனென்றால் கேட்கிறவனாகிய நான், அந்த ஏற்பாட்டின் பலனையும் அனுபவிக்கிறவன். ஷார்ப் யார் என்று தெரியாமலே நெடுங்காலம் அவருடைய குரலில் திளைத்திருக்கிறேன். அப்போது என் ஆனந்தம் இன்றைக்குள்ளதைவிடக் குறைவாக இருந்தது என்று எப்படிச் சொல்வேன்?

1959 முதல் நியூயார்க்கின் சுரங்க ரயில் நிலைய வளாகத்தில் டைம்ஸ் ஸ்கொயர் ரெகார்ட்ஸ் என்ற சிறிய கடையில் பழைய தட்டுகளைத் தேடிக் கூடிய இளைஞர்கள், அவர்களுள் இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர், இந்தப் பாட்டுகளை அழிவிலிருந்து மீட்டார்கள். அவர்கள் வழியில் வந்த மார்வ் கோல்ட்பெர்க் போன்ற ஆராய்ச்சியாளர்கள் முதிய பாடகர்களைத் தேடிச் சென்று, எந்தப் பதிவில் உச்சக் குரல் யாருடையது, எந்த மாதத்தில் யார் விலகினார், யார் சேர்ந்தார் என்று விசாரித்துக் குறித்து வைத்தார்கள். இதை நான் பக்தி என்றே சொல்வேன். ஆயினும் அந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டுத் திரும்ப ஓரியோல்ஸைக் கேட்கையில், முன்பு ஒன்றாக இருந்தது பிரிந்துவிடுகிறது. இதோ ஷார்ப், இதோ நெல்சன், இதோ ரீட் என்று செவி ஆட்களை எண்ணத் தொடங்கிவிடுகிறது. அவர்கள் அரும்பாடுபட்டு அழித்த எல்லைக் கோடுகளை நான் திரும்ப வரைகிறேன். அவர்களுக்கு நீதி செய்யப்போய் அவர்களுடைய கலைக்கு அநீதி செய்கிறேனோ என்று தயங்குகிறேன். தயங்கினாலும், இரண்டில் ஒன்றைத்தான் கொள்ளலாம் என்றால், நான் பெயர்களின் பக்கமே நிற்பேன். கலவையில் கொஞ்சம் குறைந்து போனாலும் பாதகமில்லை.

அப்படி நிற்கத் துணிந்ததற்கு டாமி கெய்தர் ஒரு காரணம். அந்த முதற்பதிவின் வெறுமையைத் தாங்கி நின்ற கிதார் அவருடையது. 1950 நவம்பரில் பால்டிமோரில் நேர்ந்த கார் விபத்தில் அவர் இறந்தார். நெல்சனும் ரீடும் அதே வண்டியில் காயமுற்றார்கள். ஒப்பந்தங்கள் இருந்தன, ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. வேறொரு கிதார்க்காரர் வந்தார். 1953-இல் ‘க்ரையிங் இன் த சாப்பல்’ வெளிவந்து ஓரியோல்ஸின் பெயர் அதுவரை எட்டாத உயரத்தை எட்டிற்று. தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தில் 1948-இலும் ஓரியோல்ஸ், 1953-இலும் ஓரியோல்ஸ். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கிறவர்கள் முதல் பதிவில் கிதாரை மட்டும் ஒரு தடவை தொடர்ந்து கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்: டில் ஒரு வரியை முடித்து அடுத்ததை எடுப்பதற்குள் கெய்தர் இரண்டு மூன்று ஸ்வரங்களை வைக்கிறார், எதையும் அலங்கரிக்காமல், பாடுகிறவர் யோசித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறவராக.